ஜன்னல் பக்கத்துக் கன்னம்: விடாப்பிடியான மங்குக்கு என்ன செய்யலாம்?

அந்தப் பெண் என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் ஆறு முறை லேசர் செய்திருந்தார். "ஒவ்வொரு தடவையும் நல்லா போயிடுது டாக்டர், ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடுது. அதுவும் இந்தப் பக்கம் ரொம்ப சீக்கிரம்" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மங்கு (மெலாஸ்மா) என்பது முகத்தில் படரும் கருமை, பெரும்பாலும் இரண்டு கன்னங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படரும். ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டால், பகலில் எங்கே உட்காருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அலுவலகத்தில் அவருடைய மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. வெளிச்சம் விழுவது இடது பக்கம். எட்டு வருடமாக அதே நாற்காலி. சன்ஸ்கிரீன் போடுவீர்களா என்றேன். "வெளியே போனால் போடுவேன்" என்றார்.

ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் பி வகைப் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுத்துவிடும். ஏ வகைக் கதிர் கணிசமாக உள்ளே வரும். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது உள்ளே வரத்தானே ஜன்னல் வைக்கிறோம். அந்த வெளிச்சத்தின் நீலப் பகுதி, மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் நிறமிச் செல்களைத் தூண்டிவிடும். ஆக, லேசர் வெளுக்க வைத்ததை அந்த ஜன்னல் தினமும் எட்டு மணி நேரம் திரும்பக் கறுக்க வைத்துக்கொண்டிருந்தது.

மங்கைக் கறை மாதிரி நினைப்பதில்தான் பாதிச் சிக்கல். கறை என்றால் தேய்த்தால் போகும், உரித்தால் போகும், சுட்டால் போகும். மங்கில் நடப்பது வேறு. மெலனின் என்ற நிறமியை உற்பத்தி செய்யும் செல்கள் அந்த இடத்தில் மட்டும் சின்னத் தூண்டுதலுக்கே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. கூடவே அங்கே நுண்ணிய ரத்தக்குழாய்களும் கூடுகின்றன. மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு வெயிலால் சேதமாகி, நிறமி கீழே இறங்கவும் செய்கிறது. மேலே இருக்கும் நிறமியை மருந்தால் சில மாதங்களில் குறைத்துவிடலாம். கீழே இறங்கியது லேசில் அசையாது. அதை எடுத்தாலும் உற்பத்தி நிற்காது. பரம்பரை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய சுபாவம் அது. அதனால் முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவேன்: இதை அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிப்பதாக நான் வாக்குக் கொடுக்க முடியாது. சிலர் முகம் வாடும். ஒருவர் எழுந்தே போய்விட்டார். பரவாயில்லை.

அடுத்தது, அது மங்குதானா என்ற கேள்வி. "எவ்வளவோ பண்ணியும் போகலை" என்று வருகிறவர்களில் சிலருக்கு இருப்பது மங்கே இல்லை. நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னும் கழுத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்ந்து, கொஞ்சம் அரிப்பும் இருந்தால் லைக்கன் பிளேனஸ் என்ற தோல் அழற்சியின் ஒரு வகையாக இருக்கலாம். தலைச்சாயம், வாசனைத் தைலம் போன்றவற்றின் ஒவ்வாமையும் இப்படிக் கறுப்பாக வரும். அங்கே வெளுக்க வைக்கும் க்ரீமை ஒரு வருடம் தடவினாலும் பலன் இருக்காது, ஒவ்வாத பொருளை நிறுத்தினால்தான் வழி பிறக்கும். நெற்றிப் பொட்டுகளிலும் கன்ன எலும்பின் மேலும் தோல் தடித்து, வெல்வெட் மாதிரி கறுத்து, கழுத்தின் பின்பக்கமும் அப்படியே இருந்தால் நான் எழுதுவது க்ரீம் சீட்டு அல்ல, சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பரு ஆறிய தழும்புக் கருமை, சில மருந்துகளால் வரும் கருமை என்று பட்டியல் இன்னும் நீளும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். அரிதாகச் சிலருக்குச் சின்னதாகத் தோல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டி வரும்.

இனி, எனக்குக் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன்.

மங்கோடு வருகிறவர்களிடம், இதுவரை தடவியதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன். அந்தப் பையில் எப்படியும் ஒரு ஸ்டீராய்டு ட்யூப் இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன் என்று பெயர் மட்டும் மாறும். தோழி சொன்னது, மருந்துக் கடையில் கொடுத்தது, எப்போதோ ஒரு மருத்துவர் மூன்று வாரத்துக்கு எழுதியதை மூன்று வருடம் இழுத்தது. ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் மாட்டிக்கொள்கிறோம். சில மாதங்களில் தோல் மெலிந்து சிவந்த நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். ஒரு நாள் தடவாவிட்டால் முகம் எரியும். எரிகிறதே என்று மறுபடியும் தடவுவார்கள். இந்த வட்டத்துக்குள் இருக்கும் முகத்தில் லேசரும் வேண்டாம், தோலை உரிக்கும் பீலும் வேண்டாம். முதலில் அதிலிருந்து வெளியே கொண்டு வர வேண்டும், அதற்கே மாதக்கணக்காகும். நிறுத்தும்போது சில வாரம் முகம் சிவந்து எரியத்தான் செய்யும். திடீரென்று தானாக நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு படிப்படியாக நிறுத்துவது நல்லது.

அந்தப் பையில் எனக்குப் பிடிக்காத இன்னொரு ரகம், என்ன கலந்திருக்கிறது என்று உறையில் எழுதாத "ஃபேர்னஸ்" டப்பா. இப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் நிறமி உற்பத்தியைத் தடுக்கும், உண்மைதான். சிறுநீரகத்தையும் கெடுக்கும். முகத்தில் தடவியது சிறுநீரகத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்பார்கள். தோல் வழியாக ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து போகும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் தரும் பாதுகாப்பைச் சொல்லும் எஸ்.பி.எஃப் எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுகிறார்கள். நாம் போடுவது அதில் பாதிகூட இருக்காது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் ஒரு கோடு பிழிந்தால், முகத்துக்கும் கழுத்துக்கும் தோராயமாகச் சரியாக இருக்கும். 30 அல்லது அதற்கு மேல் எஸ்.பி.எஃப், ஏ வகைக் கதிரையும் தடுப்பது, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு: சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு என்ற இரும்புச் சேர்மம். தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீனில் அந்த நிறத்தைத் தருவதே அதுதான். மங்கு உள்ளவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் எழுதுகிறேன். உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் சாயலைத் தேடி எடுப்பது கொஞ்சம் அலைச்சல். ஆனால் அதற்கு மேல் ஃபவுண்டேஷன் போடும் வேலை மிச்சம். குடையும் அகலமான தொப்பியும் எந்தக் க்ரீமுக்கும் சளைத்தவை அல்ல.

மருந்தில், பழைய குதிரை ஹைட்ரோகுவினோன்தான். மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியை அது தடுக்கும். 1975ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் இதோடு வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் கலந்து ஒரு கலவையை அறிமுகப்படுத்தினார்கள். இன்று அதன் மென்மையான வடிவம் புழக்கத்தில் இருக்கிறது: 4 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.05 சதவீத ட்ரெட்டினாயின், 0.01 சதவீத ஃப்ளூவோசினலோன் என்ற ஸ்டீராய்டு. இப்போதுதானே ஸ்டீராய்டைத் திட்டினீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதில் இருப்பது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலைத் தணிக்கத்தான் சேர்க்கிறார்கள். இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், எட்டு வாரம், அப்புறம் மருத்துவரிடம் காட்டி முடிவு. இதையே வருடக்கணக்கில் தடவினால் ஸ்டீராய்டின் கெடுதல்கள் வரும். ஹைட்ரோகுவினோனே சிலருக்கு நீலம் பாய்ந்த கருமையை உண்டாக்கும், ஓக்ரோனோசிஸ் என்று பெயர். வெளுக்கத் தடவியது நிரந்தரமாகக் கறுக்க வைக்கும் கொடுமை அது. அதைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

கலவையை நிறுத்தும்போது கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அசிலாயிக் அமிலம், 15 முதல் 20 சதவீதம். மெதுவாகத்தான் வேலை செய்யும், முதல் இரண்டு வாரம் குறுகுறுக்கும். ஆனால் நீண்ட நாள் போடலாம், கர்ப்பிணிகளும் போடலாம். ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கர்ப்பத்தில் கூடாது. நியாசினமைடு, கோஜிக் அமிலம், வைட்டமின் சி எல்லாம் துணைக்கு வருபவை, தனியாகப் பிடிவாதமான மங்கைக் கவிழ்க்க இவற்றால் முடியாது. எதைப் போட்டாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்து நாளில் பலன் தெரிகிற க்ரீம் என்றால் எனக்கு உறையைப் பார்க்கத் தோன்றும்.

இத்தனையும் சரியாகச் செய்து அசையாத மங்குக்கு இன்று எங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம் டிரானெக்சாமிக் அமில மாத்திரை. பெண்கள் பலருக்கு இது பழக்கமான பெயர், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானால் கொடுப்பது. 1960களில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் ரத்தப்போக்கை நிறுத்துவதற்காகக் கண்டுபிடித்தார்கள். 1979ல் அதே நாட்டில், தடிப்பு நோய்க்காக இதைச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு மங்கும் குறைந்ததை மருத்துவர் கவனித்தார். பக்கவிளைவு இப்படி நல்லதாக அமைவது எப்போதாவதுதான். ரத்தப்போக்குக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவே மங்குக்குப் போதும். வழக்கமாக 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சுமார் மூன்று மாதம்.

ஆனால் ரத்தம் உறைவதோடு விளையாடும் மருந்து இது. எழுதுவதற்கு முன் நான் கேட்கும் கேள்விகள் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா? பக்கவாதம், மாரடைப்பு? குடும்பத்தில் யாருக்காவது? அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனதா? புகைப்பழக்கம்? சிறுநீரகக் கோளாறு? கருத்தடை மாத்திரை? இதில் எதற்காவது ஆமாம் என்றால் பெரும்பாலும் மாத்திரை கிடையாது. தோழிக்குப் பலித்தது என்று நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்துகளில் இதற்கு முன்னிடம் உண்டு. கருத்தடை மாத்திரை தனியாகவும் ஒரு விஷயம்: அந்த ஹார்மோனே மங்கைத் தூண்டிக்கொண்டிருக்கலாம். தானாக நிறுத்தாமல், ஹார்மோன் இல்லாத வேறு வழி உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கெமிக்கல் பீல் இரண்டாம் வரிசை. கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்றவற்றால் மேல்தோலை மெதுவாக உரிப்பது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என நாலைந்து முறை. அதற்கு முன் சில வாரம் க்ரீம் தடவித் தோலைப் பதப்படுத்த வேண்டும். ஆழமாக உரித்தால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் மாதிரி நிறமுள்ள தோல் புண்பட்டால் கறுத்துத்தான் ஆறும்.

லேசர் கடைசி. என்னிடமும் கருவி இருக்கிறது, அதனால் தாராளமாகச் சொல்லலாம். 1064 நானோமீட்டர் லேசரைக் குறைந்த ஆற்றலில் அடிக்கும் "டோனிங்" முறையும், புதிதாக வந்த பிகோ லேசரும் நிறமியை உடைக்கும். முகம் தெளியும். நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு முன்பைவிட அதிகமாக. அளவுக்கு மீறி அடித்தால் அரிசி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை எளிதில் நிறம் திரும்பாது. சன்ஸ்கிரீனும் க்ரீமும் ஒழுங்காகப் பிடிபட்டு, மங்கு சில மாதமாவது கூடாமல் நின்ற பிறகு, அதற்குத் துணையாக வேண்டுமானால் லேசர். முதல் சந்திப்பிலேயே பத்து முறைக்கான பேக்கேஜ் பேசும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். நிறம் வெளுக்கும் என்று போடப்படும் குளுட்டாதயோன் ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். மங்குக்கு நான் போடுவதில்லை. பலன் நிரூபணமாகவில்லை, நரம்பில் ஏற்றுவதில் ஆபத்து உண்டு.

ஜன்னல் பக்கத்துப் பெண்ணுக்கு நான் முதல் மூன்று மாதம் எந்தக் கருவியையும் தொடவில்லை. மேசையை மாற்றிக்கொள்ள முடியவில்லை, திரை போடச் செய்தார். காலையிலும் மதியமும் டின்டட் சன்ஸ்கிரீன், இரவில் எட்டு வாரம் மூன்று மருந்துக் கலவை, பிறகு அசிலாயிக் அமிலம். மாத்திரை தரலாமா என்று பார்த்தேன், அவர் அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்திருந்ததால் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே அறையில் ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்தோம், கண்ணாடியை நம்பினால் நாளுக்கு ஒரு தீர்ப்பு வரும். ஆறாவது மாதம் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மங்கு போகவில்லை. நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. இடது கன்னமும் வலது கன்னமும் இப்போது ஒரே அளவில் இருக்கின்றன. அடுத்த சந்திப்பு கோடைக்கு முன்பு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.