ஹைபிரிட் காரில் பிளக் வைத்தால் கட்டுப்படியாகுமா?

திருநகரில் இருக்கும் என் மாமா, பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ள டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் கார் வாங்கியதிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஏன் மாப்ள, இதுலதான் பேட்டரி இருக்கே, ஒரு பிளக் வச்சு வீட்டுலயே சார்ஜ் போட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காரில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு முக்கால் யூனிட். ஆமாம், வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்டில் முக்கால்தான், அதைப் பிளக்கில் போட்டு முழுசாக நிரப்பினாலும் நாலைந்து கிலோமீட்டர் போவதே பெரிது. ஏனென்றால் அது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் குடோன் இல்லை, பிரேக் போடும்போது வீணாகிற ஆற்றலைப் பிடித்து அடுத்த நிமிடமே கிளம்புவதற்குக் கொடுக்கிற கல்லாப்பெட்டி.

இது எவ்வளவு சின்னது என்று கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது தெரியும். மேலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 7 யூனிட்டுக்கு மேல். டயர் உராய்வு, காற்று, மோட்டாரில் ஆகும் இழப்பு எல்லாம் போக 3 யூனிட்டாவது பிடிக்கலாம், ஆனால் பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும், மிச்சமெல்லாம் எஞ்சினிலும் பிரேக்கிலும் சூடாகப் போகிறது. பெரிய பேட்டரி இருந்தால் என்ற ஆசை எனக்கும் அங்கேதான் வந்தது.

இதை அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2004-ல் கால்கார்ஸ் என்ற குழு ஒரு டொயோட்டா பிரியஸில் கூடுதல் பேட்டரி வைத்து பிளக்கில் சார்ஜ் ஏற்றியது. பிரியஸின் சொந்த பேட்டரி 1.3 யூனிட். அப்புறம் ஹைமோஷன் என்ற பெயரில் டிக்கிக்குள் வைக்கும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியே விற்பனைக்கு வந்தது. இதில் சூட்சுமம் இதுதான்: காரின் கம்ப்யூட்டர் எந்நேரமும் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்த்து எஞ்சினை எழுப்புவதா தூங்கவிடுவதா என்று முடிவெடுக்கும், அதனிடம் புதிய பேட்டரி "நிறைய இருக்கு, செலவு பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படியும் வேகம் கூடினாலோ சட்டென்று மிதித்தாலோ எஞ்சின் ஓடத்தான் செய்யும். அதாவது முழு மின்சாரக் கார் ஆகிவிடாது, பெட்ரோல் குறையும், அவ்வளவுதான்.

சரி, காசுக்கு வருவோம். 5 யூனிட் பேட்டரியில் 4 யூனிட் பயன்படுத்தலாம் என்று வையுங்கள், 24 கி.மீ. ஓடும். மாமா கடைக்குப் போய் வருகிற தூரத்துக்குச் சரியாக இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது போகிற இழப்பையும் சேர்த்து நாலரை யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 36 ரூபாய். அதே தூரத்துக்கு, ஊருக்குள் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கிற காரில் பெட்ரோல் 120 ரூபாய் ஆகும். ஒரு நாளைக்கு மிச்சம் 84 ரூபாய், 300 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 25,000. ஹைமோஷன் பேட்டரி 2008-லேயே சுமார் 10,000 டாலர், அன்றைய மதிப்பில் நாலு லட்சத்துக்கு மேல். இன்று பேட்டரி விலை எவ்வளவோ இறங்கிவிட்டது, எல்லாம் சேர்த்து 2 லட்சத்தில் முடிந்தாலும் போட்ட முதல் திரும்ப 8 வருடம். லிட்டருக்கு 10 கி.மீ. தருகிற காராக இருந்தால் மிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கும். ஹைபிரிட் ஏற்கெனவே மிச்சம் பிடித்துவிட்டதால் பிளக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இதில் இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு 225 யூனிட் கூடினால் பல வீடுகளில் மின்கட்டணம் 500 யூனிட் கோட்டைத் தாண்டி மேல் விகிதத்துக்குப் போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, ஆர்சி புக்கில் இருப்பதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அனுமதியில்லாமல் செய்தால் வாரண்டி போகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். சித்திரை வெயிலில் மூடிய டிக்கிக்குள், குளிரூட்ட வழியில்லாமல் வைத்த லித்தியம் பேட்டரியின் ஆயுளும் குறையும். 150 வோல்ட்டுக்கு மேலான லைனில் பழக்கமில்லாத மெக்கானிக் கை வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தினமும் தனியாகத்தானே கடைக்குப் போகிறீர்கள், அதற்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்குங்கள், ஒரு யூனிட்டில் 30 கி.மீ. ஓடும் என்றேன். மாமா யோசித்துவிட்டு, "அப்ப காரை கொடைக்கானலுக்கு மட்டும் வச்சுக்குவோம்" என்றார்.