மருத்துவ ஆராய்ச்சியில் சேரச் சொன்னால்: தென்னாப்பிரிக்காவில் கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

டர்பனில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்களிடம் "ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா" என்று கேட்பது சகஜம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சர்க்கரை நோயாளி இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஆராய்ச்சியாளர்களும் நம்மைத் தேடி வருகிறார்கள். வரட்டும். 2010இல் வெளியான டெனோஃபோவிர் ஜெல் ஆய்வில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தைச் சேர்ந்த 889 பெண்கள் பங்கேற்றார்கள். எச்ஐவி தடுப்பில் உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. ஆராய்ச்சி நடந்தால்தான் மருந்து வரும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விவரம் தெரியாத பெரியவர்களிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிரச்சினை என்று வந்ததும் அலையவிடுகிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். அரசியலமைப்பின் 12ஆவது பிரிவின்படி, விவரம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் மருத்துவச் சோதனை நடத்தக் கூடாது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 71ஆவது பிரிவில், அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆய்வின் நோக்கத்தையும், உடம்புக்கு நல்லதோ கெட்டதோ என்னென்ன ஆகலாம் என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஆய்வையும் பதிவு பெற்ற எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) ஒன்று பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். புது மருந்தைச் சோதிக்கும் ட்ரையல் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவின் அனுமதியும் வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

சம்மதப் படிவம் ஒரு தாள் அல்ல, பத்துப் பதினைந்து பக்கக் கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்களில் மட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் நீட்டிக்கொண்டிருக்கும். "இங்கே ஒன்று, இங்கே ஒன்று ஆன்ட்டி, ரத்தம் எடுக்கத்தான்" என்று நர்ஸ் விரலை வைக்க, எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஸ்டிக்கர் இல்லாத பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டுக்கு வந்தபின் யாருக்கும் தெரியவில்லை. நகலும் கையில் இல்லை.

ஆகவே முதல் எச்சரிக்கை: அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தர மறுத்தால் அந்த ஆய்வே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் ஒரு நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள். "தபாலில் அனுப்புகிறோம்" என்பார்கள், நம்பாதீர்கள். கைபேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் பெயர், ஆய்வின் அனுமதி எண், தொடர்பு விவரம் எல்லாம் இருக்கும். பிறகு புகார் என்று போனால் எல்லாரும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

அடுத்தது மொழி. நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று அதே சுகாதாரச் சட்டம் சொல்கிறது, ஆனால் "முடிந்த இடத்தில்" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 6ஆவது பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருக்கிறது. அதை நம்பித் தமிழ்ப் படிவம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். படித்த பிள்ளையையோ பேரனையோ கூட்டிக்கொண்டு போங்கள். "வெளியே நில்லுங்கள்" என்றால், விளக்கிச் சொல்லும்போது ஆள் கூட இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்போது போடும் கையெழுத்து வேறு, ஆராய்ச்சிக்கான சம்மதம் வேறு. "அன்றைக்கே போட்டுவிட்டீர்களே" என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டபின் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

"சேராவிட்டால் வழக்கமான க்யூதான், டாக்டரைப் பார்க்க நாளாகும்" என்று சொல்வதும் நடக்கிறது. அது தவறு. சேராததற்காகவோ பாதியில் விலகியதற்காகவோ உங்கள் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ட்ரையல் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பு கெடும். மருத்துவரிடம் சொல்லி, எழுதிக் கொடுத்து, தேதி போட்டு விலகுங்கள். ட்ரையல் முடிந்தபின் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் சேரும்போதே கேளுங்கள். கிடைக்கும் என்று படிவத்தில் இல்லையென்றால், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தின் நடுவில் சின்ன எழுத்தில் சில கட்டங்கள் வரும்: மிச்ச ரத்தத்தைச் சேமிக்கலாமா, வருங்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, மரபணுவைச் சோதிக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம் அல்லது இல்லை சொல்லலாம். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டு முக்கிய ஆய்வில் மட்டும் சேர முடியுமா என்று கேளுங்கள். அவர்களாகவே டிக் போட்டு வைத்திருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இனி முக்கியமான விஷயம், நஷ்டஈடு. "உங்களுக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று வாயால் சொல்வார்கள். அந்தப் பத்தியை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் அதில் இருப்பது மருத்துவச் செலவு மட்டும். வேலைக்குப் போக முடியாமல் போன சம்பளமோ, பட்ட வேதனைக்கான தொகையோ இருக்காது. ஒரு மருந்து ட்ரையலில் பாதிக்கப்பட்டவர் இழந்த வருமானத்தையும் சேர்த்துக் கேட்டு வழக்குப் போட்டார். 2013இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மருத்துவச் செலவு மட்டுமே என்ற படிவத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதுதான் காரணம். 2014இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. டாக்ஸி ஓட்டுகிறவர், கடையில் தினக்கூலிக்கு நிற்கிறவர் எல்லாம் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் படுத்துவிட்டால் வீட்டு வாடகையை யாரும் தர மாட்டார்கள்.

வருகைக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் ட்ரையலுக்கு ஒரு வருகைக்கு 150 ராண்ட் என்று ஒரே கணக்காக இருந்தது. இப்போது செலவான நேரம், பட்ட சிரமம், கைச்செலவு மூன்றையும் பார்த்துத் தர வேண்டும். பஸ் காசை மட்டும் நீட்டினால் படிவத்தில் எழுதியிருக்கும் தொகையைக் கேளுங்கள்.

சரி, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டால் "அது பல்கலைக்கழக ஆய்வு" என்பார்கள். பல்கலைக்கழகத்தில் "மருந்துக் கம்பெனியைக் கேளுங்கள்" என்பார்கள். கம்பெனியில் "ஆய்வு மருத்துவரிடம் பேசுங்கள்" என்று முடித்துவிடுவார்கள், மருத்துவர் கான்ஃபரன்ஸுக்குப் போயிருப்பார். இந்தச் சுற்றில் போவது உங்கள் கெடு. மாகாண அரசு ஆஸ்பத்திரியின் தவறு என்று வழக்குப் போட வேண்டுமானால், அரசுத் துறைகள் மீது வழக்குப் போடுவது பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதத்துக்குள் மாகாண சுகாதாரத் துறைக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வழக்குப் போட 3 வருடம் என்று பொதுவாகச் சொல்வதை நம்பி இந்த 6 மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் பலர். உள்விசாரணை முடியட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள், அந்த விசாரணைக்காகக் கெடு நிற்காது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் லீகல் எய்டையோ (இலவசச் சட்ட உதவி அமைப்பு) பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையோ முதல் மாதத்திலேயே பாருங்கள்.

அதோடு சேர்த்து மருத்துவக் கோப்பின் நகலைக் கேட்டு எழுதுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கோப்பு காணவில்லை என்ற பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புகாரை எத்திக்ஸ் கமிட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. கமிட்டியே வாய் திறக்கவில்லை என்றால் அதற்கு மேலே தேசிய சுகாதார ஆராய்ச்சி எத்திக்ஸ் கவுன்சில் இருக்கிறது. கமிட்டிகளின் செயல்பாடு பற்றிய புகாரைத் தீர்ப்பது அதன் சட்டக் கடமை. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மருத்துவத் தொழில் கவுன்சிலுக்கு, உங்கள் விவரங்கள் கசிந்த புகார் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு. ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினால் "எங்கள் வேலை இல்லை" என்று எல்லாரும் திருப்பி அனுப்புவார்கள். தனித்தனியாக எழுதுங்கள்.

ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் மட்டும் நடப்பதில்லை. கோயில் பாட்டையும் தெருக்கூத்தையும் பதிவு செய்ய வரும் பல்கலைக்கழக மாணவர்களும் எத்திக்ஸ் அனுமதி வாங்கித்தான் வர வேண்டும். பதிவு எங்கே போகும், யார் கேட்பார்கள், ஒரு பிரதி நமக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையின் பையில் ஒரு கடிதம் வரும். "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று அதில் இருந்தால், ரத்தமோ எச்சிலோ எடை உயரமோ எடுக்கும் சுகாதார ஆய்வுக்கு அது செல்லாது. 18 வயதுக்குக் கீழே பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். விருப்பமில்லை என்றால் சும்மா இருந்துவிடாமல், அதே தாளில் "சம்மதமில்லை" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.