காண்டோமினியம்: ஊருக்கே கூட்டுப்பட்டா

காண்டோன்னு சொன்னா சிங்கப்பூர், மலேசியாவுல இருக்கறவங்களுக்கு நீச்சல்குளம் வச்ச அப்பார்ட்மென்ட்தான் ஞாபகம் வரும், ஆனா இந்த வார்த்தை வீட்டுப் பக்கம் வந்தது ரொம்பப் பின்னாடி, அதுக்கு முன்னாடி இது ஆட்சி சம்பந்தப்பட்ட வார்த்தை. லத்தீன்ல 'கான்'னா சேர்ந்து, 'டொமினியம்'னா உடைமை, ஆளுற உரிமை. ஒரே மண்ண ரெண்டு அரசு பிரிச்சுக்காம சேர்ந்து ஆண்டா அதான் காண்டோமினியம். நம்ம கூட்டுப்பட்டா நிலம் மாதிரி.

இதுக்கு நல்ல உதாரணம் நெதர்லாந்துல இருக்குற மாஸ்ட்ரிக்ட். பேருக்கே மாஸ் ஆத்தக் கடக்கிற இடம்னுதான் அர்த்தம், நம்ம 'துறை' மாதிரி. 1204ல இருந்து இந்த ஊருக்கு ரெண்டு எஜமான், பிரபாண்ட் பகுதிய ஆண்ட டியூக்கும் லியேஜ் பகுதிய ஆண்ட பிஷப்பும். ஊருக்கு நடுவுல கோடு போடல, ஆளுங்களத்தான் பிரிச்சாங்க! அம்மா எந்தப் பக்கமோ புள்ளையும் அந்தப் பக்கம், அப்பா கணக்குலயே கிடையாது. கோர்ட்டும் ரெண்டு, மேயரும் ரெண்டு. 1284ல இத எழுதியே வச்சுட்டாங்க.

சண்டை வந்தப்பதான் கூத்து. பிரபாண்ட் டியூக் பட்டம் கல்யாணம், வாரிசுன்னு சுத்தி ஸ்பெயின் ராஜா கைக்குப் போயிருச்சு, அவரு படையே 1579ல மாசக்கணக்கா முற்றுகை போட்டு, உள்ள புகுந்து ஊரைச் சூறையாடுச்சு, அதாவது பாதி ஓனரே தன் சொத்த அடிச்சு நொறுக்கின கதை. 1632ல டச்சுக்காரங்க ஃபிரெடெரிக் ஹென்றி தலைமைல புடிச்சு பிரபாண்டோட பங்குல உக்காந்தாங்க, லியேஜ் பிஷப் பங்கு அப்படியே இருந்துச்சு. ஒரு பங்காளி மாறினான், பட்டா மாறல. 1673ல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி வந்து புடிச்சான் ('த்ரீ மஸ்கடியர்ஸ்' நாவல்ல வர்ற டார்ட்டான்யன் நிஜத்துல செத்தது இங்கதான்), 1678ல டச்சுக்காரங்களுக்கே திரும்பக் குடுத்தான். கடைசியா 1794ல பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்துதான் இந்த ஏற்பாட்டுக்கே முடிவு கட்டுச்சு. 1830ல நெதர்லாந்துல இருந்து பெல்ஜியம் பிரிஞ்சப்பவும் கோட்டைக்குள்ள இருந்த டச்சுப் படை விடல, 1839 ஒப்பந்தத்துல ஊரு நெதர்லாந்துக்கே உறுதியாச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? கூட்டாட்சின்னு போடாதீங்க, அது ஃபெடரலிசம். இரட்டை ஆட்சியும் சரிவராது, அது பிரிட்டிஷ் இந்தியாவுல 1919 சட்டத்துல மாகாணத் துறைகள கவர்னருக்கும் மந்திரிகளுக்கும் பங்கு போட்டது, அங்க எஜமான் ஒருத்தன்தான். வீட்டுக்கு 'கூட்டுரிமை வீடு'ன்னு சிங்கப்பூர்ல ஏற்கனவே எழுதுறாங்க, அது போதும். ஆட்சிக்கு என் ஓட்டு 'கூட்டாளுகை'.