இளவரசி மேரியின் தொண்டையில் வளர்ந்த தோல்

1878 நவம்பர் 16, இன்னும் விடியவில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள அரண்மனையில் ஆலிஸ் என்ற தாயை மருத்துவர் அவசரமாக அழைக்கிறார். கடைக்குட்டி மேரிக்கு மூச்சு வாங்குகிறது. ஆலிஸ் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, தொண்டையில் படர்ந்திருந்த சவ்வு மூச்சுப்பாதையை அடைத்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு நாலரை வயதுகூட நிரம்பவில்லை.

மேரி பிறந்தது 1874 மே 24. அவளுடைய பாட்டி, இங்கிலாந்தின் விக்டோரியா ராணி பிறந்ததும் அதே மே 24 தான். வீட்டில் அவளை 'மே' என்றே கூப்பிட்டார்கள். அப்பா நான்காம் லுட்விக், ஹெஸ்ஸே நாட்டின் கோமகன். ஏழு பிள்ளைகளில் இவள் கடைசி, இவளுக்கு மூத்த அண்ணன்களில் ஒருவனான ஃபிரெட்ரிக், இரத்தம் உறையாத நோயோடு பிறந்தவன், 1873ல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனான். இரண்டு வயது மூத்தவளான அக்கா அலிக்ஸ்தான் பிற்காலத்தில் ரஷ்யாவின் கடைசிப் பேரரசி ஆனவர்.

நவம்பர் முதல் வாரத்தில் மூத்த மகள் விக்டோரியாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட மாதிரி வலித்தது. சில நாட்களில் டிப்தீரியா என்று உறுதியானது. தமிழில் தொண்டை அடைப்பான். அப்புறம் அலிக்ஸ், மேரி, ஐரீன், எர்ன்ஸ்ட், கடைசியில் அப்பா லுட்விக் என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். எலிசபெத் என்ற ஒரு மகளை மட்டும் நோய் தொடுவதற்கு முன்பே அப்பாவைப் பெற்ற பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனை நடத்துவதிலும் செவிலியர் பயிற்சியிலும் உண்மையான ஈடுபாடு கொண்டிருந்த, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலோடு பழக்கம் வைத்திருந்த ஆலிஸ், தன் வீட்டு நோயாளிகளைத் தானே இருந்து பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அளவுக்கு நோயாளிப் பராமரிப்பு தெரிந்த அரச குடும்பத்தார் அன்று ஐரோப்பாவில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவரால் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள அந்தத் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் லேசான காய்ச்சல், தொண்டை வலி, சோர்வு. சாதாரண சளி போலத்தான் தெரியும். ஓரிரு நாளில் உள்நாக்குப் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். அது மெல்லப் பெரிதாகி, சாம்பல் நிறமாகி, தடித்து, பதப்படுத்திய தோல் மாதிரி ஆகிவிடும். பாலாடையை விரலால் ஒதுக்குவது போல அதை ஒதுக்க முடியாது. அடியில் உள்ள சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்த்தால் இரத்தம் வரும். 1826ல் பிரான்ஸின் துர் நகர மருத்துவர் பியர் பிரெத்தோனோ, தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்த நோய்க்குப் பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான்.

அந்தச் சவ்வு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அல்ல. செத்துப்போன தொண்டைச் செல்கள், இரத்தத்திலிருந்து கசிந்து உறைந்த ஃபைப்ரின் நார்கள், சண்டைக்கு வந்து மடிந்த வெள்ளை அணுக்கள், நடுநடுவே பாக்டீரியாக் கூட்டம், எல்லாம் சேர்ந்து இறுகிய படலம் அது. குழந்தையின் சொந்த உடம்பே அதன் மூலப்பொருள். பெரியவர்களின் மூச்சுக்குழல் அகலமானது. நாலு வயதுக் குழந்தையுடையது மிகக் குறுகியது, அதனால் படலம் குரல்வளை வரை இறங்கினாலோ, ஒரு துண்டு பிய்ந்து குறுக்கே விழுந்தாலோ காற்றுக்கு வழியில்லை.

சரி, செல்கள் ஏன் செத்தன? இதற்கு விடை மேரி இறந்த பத்தே ஆண்டுகளில் கிடைத்தது. 1883ல் எட்வின் கிளெப்ஸ் இந்தச் சவ்வில் ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார், 1884ல் ஃபிரெட்ரிக் லெஃப்லர் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். லெஃப்லர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். நோய் கொடுத்த விலங்குகளில் கிருமி, செலுத்திய இடத்தோடு நின்றுவிட்டது, ஆனால் எங்கோ தள்ளியிருக்கும் உறுப்புகள் கெட்டுப்போயிருந்தன. கிருமி போகாத இடத்தில் சேதம் எப்படி வரும்? கிருமி எதையோ தயாரித்து இரத்தத்தில் அனுப்புகிறது என்று அவர் ஊகித்தார். 1888ல் பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தை, பாக்டீரியா புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத அந்தத் தெளிவை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அதே நோய், அதே சாவு. கொல்வது நச்சு என்பது அன்று உறுதியானது.

இந்த நச்சு ஒரு புரதம், இரண்டு பகுதி கொண்டது. பி பகுதி சாவி மாதிரி, நம் செல்களின் மேல் வளர்ச்சிக்கான சமிக்ஞைக்காக இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் அதை வழக்கமான சரக்கு என்று நினைத்து ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே வந்த பையை அமிலமாக்குவது செல்லின் வழக்கம். அந்த அமிலம் பட்டதும் பி பகுதி உருமாறி, பையின் சுவரில் துளை போட்டு, ஏ பகுதியை வெளியே செல்லின் உடலுக்குள் தள்ளிவிடும். செல் தன் பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையே நச்சுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஏ பகுதி செய்யும் வேலை ஒன்றே ஒன்று. செல்லுக்குள் ரைபோசோம்கள் புரதம் தயாரிப்பதைப் பூத்தொடுப்பதோடு ஒப்பிடலாம். ஒரு பூவை வைத்து முடிச்சுப் போட்டதும் சரத்தை ஒரு விரல் நகர்த்த வேண்டும், நகர்த்தினால்தான் அடுத்த பூவுக்கு இடம். ரைபோசோமில் அப்படி நகர்த்தும் விரல் இஎஃப்-2 என்ற புரதம். அதில் ஒரே ஓர் இடத்தில் ஒரு அபூர்வமான அமினோ அமிலம் இருக்கிறது, உடம்பின் வேறு எந்தப் புரதத்திலும் அது கிடையாது. ஏ பகுதி அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே ஒரு வேதிக்கட்டியை ஒட்டிவிடும். விரல் மரத்துப்போகும், சரம் நகராது, தொழிற்சாலை முழுவதும் நின்றுவிடும். அந்த அமினோ அமிலத்தின் பெயரே டிப்தமைடு, நோயின் பெயரிலிருந்து வந்தது.

ஒட்டிய பிறகு ஏ பகுதி தேய்ந்துபோவதில்லை. அடுத்த விரல், அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இதன் கொடூரம் அளவில் தெரிவதில்லை. மனித உடலுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம் போதும், அதாவது 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிராமை பத்து லட்சம் கூறுகளாகப் போட்டால் அதில் ஒன்றரைக் கூறு. ஏ பகுதியின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் ஒரு செல் சாகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் நிரூபித்து வெளியிட்டது 1978ல், மேரி இறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து.

இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. இந்த நச்சுக்கான மரபணு அந்த பாக்டீரியாவுக்குச் சொந்தமே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று, பாக்டீரியோஃபேஜ் என்பார்கள், அது கொண்டுவந்து செருகிவிட்டுப் போனது. 1951ல் அமெரிக்காவில் விக்டர் ஃப்ரீமன், நச்சு சுரக்காத சாதுவான டிப்தீரியா பாக்டீரியாவை அந்த வைரஸ் தொற்றியதும் அது கொலைகாரக் கிருமியாக மாறுவதைக் காட்டினார். ஆக மேரியின் தொண்டையில் இருந்தது இரட்டைத் தொற்று, கிருமிக்குள் ஒரு கிருமி. மரபணு வைரஸினுடையது என்றாலும் அதற்கான சுவிட்ச் பாக்டீரியாவின் கையில். சுற்றிலும் இரும்புச்சத்து தாராளமாக இருந்தால் சுவிட்ச் அணைந்தே இருக்கும், இரும்பு குறைந்தால் நச்சு சுரக்கும். நம் உடம்போ இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கும் இடம். அந்தப் பட்டினிதான் கிருமிக்கு, நாம் இப்போது ஓர் உடலுக்குள் இருக்கிறோம் என்று சொல்லும் தகவல்.

தொண்டையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் நச்சு இதயத் தசையையும் நரம்புகளையும் பிடிக்கும். காய்ச்சல் தணிந்து, சவ்வு உரிந்து, பிள்ளை பிழைத்துவிட்டான் என்று வீடே மூச்சு விடும் நேரத்தில், ஒன்றிரண்டு வாரம் கழித்து, இதயம் தடுமாறும். சிலருக்கு அண்ணத்தின் நரம்பு செயலிழந்து, குடித்த பால் மூக்கு வழியாக வரும், குரல் மூக்கால் பேசுவது போலாகும். 1878ல் மருத்துவர்கள் கையில் இருந்தது ஆவி பிடிக்க வைப்பது, தொண்டையைக் கழுவுவது, அடைத்துக்கொண்டால் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வது. இவற்றில் ஒன்றுகூட நச்சைத் தொடவில்லை. இன்றைய ஆன்டிபயாடிக்கை அன்று கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும், கிருமி செத்திருக்கும், ஏற்கெனவே இரத்தத்தில் கலந்த நச்சு அப்படியே இருந்திருக்கும்.

நச்சுக்கு மாற்று, நச்சைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள்தான். 1890ல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் கிதாசாதோ ஷிபாசாபுரோவும், நச்சைத் தாங்கப் பழகிய விலங்கின் இரத்தச் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கும் என்று காட்டினார்கள். அப்புறம் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நச்சைக் கூட்டிக்கொண்டே போய்ச் சீரம் எடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிச் சீரமும் ஒவ்வொரு வலிமையில் இருந்ததால், அதை அளக்கும் முறையை பால் எர்லிக் உருவாக்கிக் கொடுத்தார். 1894ல் ஹோக்ஸ்ட் என்ற ஊரில் சீரம் தொழிற்சாலை அளவில் தயாராகத் தொடங்கியது. ஹோக்ஸ்ட் டார்ம்ஸ்டாட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பதினாறு வருஷம், முப்பது கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதே ஆண்டு பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் ரூ சீரத்தைப் பயன்படுத்தியதில் டிப்தீரியாச் சாவு சுமார் பாதியாகக் குறைந்தது. 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குப் போனது.

சீரத்துக்கு ஒரு கறாரான எல்லை உண்டு. இரத்தத்தில் மிதக்கும் நச்சை அது பிடிக்கும், செல்லுக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இன்றும் டிப்தீரியா என்று சந்தேகம் வந்தாலே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சீரத்தைக் கொடுக்கிறார்கள். வரும் முன் காப்பதற்கான வழியை 1923ல் பிரான்ஸின் கஸ்தோன் ரமோன் கண்டார். நச்சில் கொஞ்சம் ஃபார்மலின் கலந்து சில வாரம் வெதுவெதுப்பில் வைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, உருவம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த உருவத்தைப் பார்த்தே உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். முத்தடுப்பூசியில் டிப்தீரியாவுக்காக இருப்பது இதுதான், குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இதுதான். காலப்போக்கில் பாதுகாப்பு மங்கும் என்பதால் கூடுதல் தவணைகளை விடக் கூடாது. 1990களில் சோவியத் யூனியன் உடைந்த பிறகு தடுப்பூசி ஏற்பாடுகள் குலைந்த அந்தப் பகுதியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு டிப்தீரியா வந்தது, அதில் பெரியவர்களே ஏராளம்.

மறுபடி டார்ம்ஸ்டாட்டுக்கு வருகிறேன். மேரி இறந்ததை ஆலிஸ் மற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை, படுக்கையில் கிடப்பவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தார். எர்ன்ஸ்டின் பத்தாவது பிறந்தநாள் நவம்பர் 25, தங்கை இறந்து ஒன்பதாம் நாள். அவனுக்குத் தெரியாது. தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் ஒரு புத்தகத்தை அனுப்பினான், அம்மா வாங்கிக்கொண்டார். டிசம்பர் தொடக்கத்தில் ஒருவழியாகச் சொன்னபோது முதலில் அவன் நம்பவில்லை, பிறகு எழுந்து உட்கார்ந்து அழுதான். நோயாளிகளைத் தொட்டு அணைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி ஆலிஸ் மகனுக்கு முத்தம் கொடுத்தார். சில நாட்களில் அவருக்கும் நோய் வந்தது, டிசம்பர் 14 காலையில் இறந்தார். வயது 35. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அப்பா ஆல்பர்ட் இறந்ததும் ஒரு டிசம்பர் 14 தான்.

பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி பிரபுக்கள் சபையில் அதை மரண முத்தம் என்று வர்ணித்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நோய் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய வழக்கமாக இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும், மருந்தில்லாத காலத்தில் குணமானவர்களின் தொண்டையில்கூட கிருமி பல வாரம் தங்கும், அதனால் முத்தம் காரணமாக இருந்திருக்கலாம்தான். ஆனால் டிப்தீரியா பரவுவது பெரும்பாலும் இருமலிலும் மூச்சிலும் தெறிக்கும் நுண்துளிகளால். ஒரு மாதமாக ஆறு நோயாளிகளின் தலைமாட்டில் இருந்து, அவர்கள் இருமியதைத் துடைத்து, அவர்கள் விட்ட காற்றையே சுவாசித்த ஒரு பெண்ணுக்கு எந்த நொடியில் தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கையை இழந்த பத்து வயதுப் பையனின் தலையில் அம்மாவின் சாவையும் சேர்த்து வைத்துவிட்டது அந்த வர்ணனை.

விக்டோரியா ராணி தன் மகளுக்காகச் சிற்பி ஜோசஃப் எட்கர் போம்மிடம் ஒரு பளிங்குச் சிலை செய்யச் சொன்னார். விண்ட்சருக்குப் பக்கத்தில் ஃப்ராக்மோர் கல்லறை மாளிகையில் அது இருக்கிறது. ஆலிஸ் படுத்திருக்கிறார், மேரி அவர் கையணைப்பில் இருக்கிறாள்.