செம்மஞ்சள் வராத பூனை

அமெரிக்காவின் டெக்சாஸில் 2001 டிசம்பரில் ஒரு பூனைக்குட்டி பிறந்தது. இன்னொரு பூனையின் மரபணு நகலாக உருவாக்கப்பட்ட, உலகின் முதல் குளோன் பூனை அதுதான். பெயர் சிசி. அதற்கு மரபணுக்களைத் தந்த ரெயின்போ என்ற பூனையின் உடலில் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்று நிறங்களும் இருந்தன. சிசியின் உடலிலோ செம்மஞ்சள் மருந்துக்கும் இல்லை.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் மரபணுத் தொகுப்பு முழுமையாகவே இருக்கிறது. எந்த மரபணு விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதை வைத்துத்தான் ஒரு செல் தோலாகிறது, இன்னொன்று கல்லீரலாகிறது. குளோனிங்கில் முதலில் ஒரு கருமுட்டையை எடுத்து, மரபணுக்களைத் தாங்கும் இழைகளான அதன் குரோமோசோம்களை மெல்லிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சி நீக்குகிறார்கள். அந்த இடத்தில், நகலெடுக்க வேண்டிய விலங்கின் செல்லை வைத்து, மின் துடிப்பு கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். முட்டையில் உள்ள புரதங்கள் பழைய செல்லின் உறக்க, விழிப்புக் குறிகளை அழித்து, அதை ஒரு கருவின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. வளர்ந்த செல்லும் இப்படிப் பின்னோக்கித் திரும்பும் என்பதைத் தவளைகளில் 1962இல் காட்டிய ஜான் கர்டனுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் அந்த அழித்தல் முழுமையாக நடப்பதில்லை. பெண் பூனையின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. கரு வளரும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒன்றை அணைத்துவிடுகிறது. ரெயின்போவின் ஒரு எக்ஸில் செம்மஞ்சளுக்கான மரபணு, மற்றதில் கறுப்புக்கானது. ஆய்வாளர்கள் எடுத்த செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் அணைந்திருந்தது; முட்டை அதை எழுப்பவில்லை. வெள்ளைத் திட்டுகள் எங்கே விழும் என்பதும் கருப்பையில் நிறமிச் செல்கள் நகரும் போக்கைப் பொறுத்தது. இறந்துபோன செல்லப்பிராணியைத் திரும்பப் பெறலாம் என்று நம்புகிறவர்களுக்குக் கிடைப்பது காலம் தாழ்ந்து பிறந்த ஓர் இரட்டைதான்.

சரியாக அழியாத குறிகள் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. நஞ்சுக்கொடி பழுதாகிறது, கரு கலைகிறது, குட்டி அளவுக்கு மீறிப் பெருக்கிறது. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996இல் டோலி என்ற குளோன் ஆடு பிறக்க 277 முட்டைகள் தேவைப்பட்டன. தென்கொரியாவில் 2005இல் முதல் குளோன் நாய்க்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்குள் வைத்தார்கள். உயிரோடு பிறந்தவை இரண்டு. அவற்றில் ஒன்று சில வாரங்களில் நிமோனியாவில் இறந்தது. அறுவை மேசையில் கிடந்த அந்த 123 நாய்களை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

இந்தக் கணக்கை மனிதர்கள் மேல் வைத்துப் பாருங்கள். சீனாவில் குளோன் குரங்குகள் இரண்டு பிறந்ததை 2018இல் அறிவித்தார்கள். ஆகவே தொழில்நுட்பம் நம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. கலையும் கருக்களைச் சுமக்கப்போவது பெண்கள். பிழையோடு பிறக்கும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. நலமாகப் பிறந்தாலும், வேறொருவரின் முகத்தையும் எதிர்பார்ப்பையும் பிறந்த நாளிலிருந்தே அது சுமக்க வேண்டும். குளோன் முறையில் குழந்தை பெறுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருப்பது முற்றிலும் சரி. பல வகைச் செல்களாக மாறவல்ல, நோய்க்கு மருந்தாகக் கூடிய ஸ்டெம் செல்களுக்காக ஆய்வகத்தில் சில நாள் கருவை வளர்ப்பது வேறு விவாதம். அங்கே நான் கதவைச் சாத்தமாட்டேன்.

ஓரிடத்தில் என் மனம் இளகுகிறது. வட அமெரிக்காவில் கீரியைப் போன்ற கறுங்கால் ஃபெரட் என்ற விலங்கு அழிவின் விளிம்பில் நின்றது. இன்றுள்ளவை ஏறக்குறைய எல்லாமே ஏழே ஏழு விலங்குகளின் வழிவந்தவை. அந்த ஏழில் சேராத வில்லா என்ற பெண் ஃபெரட்டின் செல்களை 1988இல் உறையவைத்திருந்தார்கள். அதிலிருந்து உருவான அன்டோனியா என்ற குளோன் 2024இல் குட்டிகளை ஈன்றது, இரண்டு பிழைத்தன. வழித்தோன்றல் எதுவும் எஞ்சாத வில்லாவின் மரபணுக்கள் அந்த இரண்டு குட்டிகளின் வழியே மீண்டும் தம் இனத்துக்குள் கலக்கத் தொடங்கியுள்ளன.