அயனித் தடமா, அயனி மதகா?

செல் சவ்வின் ஊடே நின்று, சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளுக்கு வழிவிட்டும் அடைத்தும் இயங்கும் புரதத்தை (ஆங்கிலத்தில் 'அயான் சேனல்') அயனித் தடம், அயனி வாய்க்கால், அயனிக் கால்வாய் என்று பலவாறு எழுதுகிறோம்.

'அயான்' கிரேக்கச் சொல். 'செல்வது' என்று பொருள். வில்லியம் ஹியூவெல்லின் யோசனைப்படி 1834இல் மைக்கேல் ஃபாரடே அதைக் கையாண்டார். உத்தராயணத்தில் வரும் 'அயனம்' என்ற வடசொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். 'மின்னணு' எலக்ட்ரானுக்கு உரியது, இங்கே பொருந்தாது. 'சேனல்' இலத்தீன் 'கனாலிஸ்' வழி வந்தது: குழாய், கால்வாய். ஆனால் கால்வாய் திறந்தே கிடப்பது. தடத்திலும் கதவு இல்லை. மின்னழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும் புரதத்துக்கு 'அயனி மதகு' என்பதே சரி.

கரு வளர வளர இதயச் செல்லில் எந்த மதகு எத்தனை என்பதே மாறுகிறது. மனிதக் கருவில் இதயம் ஏறத்தாழ 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும். அப்போது கீழறைச் செல்லும் தானாகவே துடிக்கும். ஓய்வுநிலையைப் பிடித்து நிறுத்தும் கிர் 2.1 என்ற பொட்டாசிய மதகு அதில் குறைவு. துடிப்பைத் தூண்டும் எச்சிஎன்4 மதகும் டி வகைக் கால்சிய மதகும் அதிகம். கோழிக்கருவின் 2, 3ஆம் நாள் இதயத்தில் ஓய்வு மின்னழுத்தம் (துடிப்புகளுக்கு இடையே செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு) -40 மில்லிவோல்ட் அளவில்தான் நிற்கும். சோடிய மதகை அடைக்கும் டெட்ரோடோடாக்சினைக் கொடுத்தாலும் துடிப்பு நிற்காது, ஏனென்றால் விரைவுச் சோடிய மின்னோட்டத்துக்கு அப்போது பெரிய பங்கு இல்லை. செல்லுக்குள் மெதுவாகப் பாயும் அயனியோட்டமே துடிப்பின் மின்னலையை எழுப்புகிறது.

பிறகு கிர் 2.1 பெருகி, முதிர்ந்த கீழறைச் செல் -85 மில்லிவோல்ட்டை ஒட்டி அமைதியாகிறது. எச்சிஎன்4 பெரும்பாலும் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்கும் அதைப் பரப்பும் கடத்து திசுவுக்கும் ஒதுங்குகிறது. சோடிய மதகான நாவ் 1.5, ஒரே மரபணுவிலிருந்து 6ஏ எக்ஸானை (எக்ஸான் என்பது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டு) விட்டு 6ஆம் எக்ஸானுக்கு மாறுகிறது. வேறுபாடு 7 அமினோ அமிலங்கள்தான். ஆனால் கரு வடிவம் திறக்கக் கூடுதல் மின்னழுத்த உயர்வு தேவை.

தூண்டப்பட்ட குருத்தணுக்களிலிருந்து (முதிர்ந்த செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பிப் பெறுபவை) வளர்க்கும் இதயச் செல்களில் மருந்தைச் சோதிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவை பெரும்பாலும் கருநிலையிலேயே தங்கிவிடுபவை. கிர் 2.1 குறைவால் ஓய்வு மின்னழுத்தம் -85 வரை இறங்காமல் உயர்ந்தே நிற்க, சோடிய மதகுகளில் பல முன்கூட்டியே செயலிழந்துவிடுகின்றன. சோடியத் தடுப்பு மருந்தின் விளைவை அங்கே அளந்தால் முதிர்ந்த இதயத்துக்குப் பொருந்தாத விடை வரும். கணினியால் செல்லுக்குள் செயற்கைக் கிர் மின்னோட்டம் செலுத்தி இதைச் சரிக்கட்டலாம்.