டர்போவுக்கு எந்த பிஸ்டன்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் 1.8 லிட்டர் என்ஜினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ போடப் போகிறாராம். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதுதான் அமுக்க விகிதம். 10-ஆக இருக்கும் அதை 8-க்கு இறக்கு என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

கணக்கு சுலபம். போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86.4 மி.மீ. என்றால் சிலிண்டருக்கு 445 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 49.5 சி.சி.யாக இருந்தால் விகிதம் 10. அதுவே 59.4 ஆனால் 8.5. பிஸ்டன் தலையில் 10 சி.சி. குழி கூடினால் போதும்.

எதற்காகக் குறைக்கிறோம்? நாக்கிங் என்ற தட்டலுக்குப் பயந்துதான். பிளக் பொறி வைத்ததும் தீ ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. இன்னும் எரியாத பெட்ரோல்-காற்றுக் கலவை மூலையில் நசுங்கிச் சூடேறுகிறது. தீ வந்து சேருமுன் அது தானாகவே பற்றிக்கொண்டால் டக் டக்கென்று சத்தம். பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். கலவையைப் பத்தில் ஒரு பங்காக அமுக்கினால் அதன் வெப்பநிலை, கெல்வினில், சுமார் 2.24 மடங்காகிறது. சுவர் வழியே போகும் வெப்பத்தை இங்கே சேர்க்கவில்லை. டர்போவிலிருந்து 80 டிகிரி செல்சியஸில் உள்ளே போனால், பொறிக்கு முன்பே 520 டிகிரி. பிஸ்டனை மாற்றி 8.5 ஆக்கினால் 475. பிஸ்டனைத் தொடாமல், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் வைத்து 40 டிகிரியில் அனுப்பினால்? 430! வாசலில் குறைக்கும் ஒவ்வொரு டிகிரியும் உள்ளே இரண்டுக்கு மேல் குறைகிறது.

அதனால் முதல் செலவு இன்டர்கூலருக்கு. விகிதம் 9 பக்கம் இருக்கட்டும். 8-க்கு இறக்கினால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், ஏறும்வரை வண்டி சோம்பும். ‘டர்போ என்றாலே எட்டு’ என்பது ஒர்க்‌ஷாப் மூடநம்பிக்கை. புது வண்டி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் பழம் மட்டும்தான் நட்டம். இதில் பெட்ரோலும் நட்டம்.

சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே தடித்த கேஸ்கெட் போட்டு விகிதத்தை இறக்குவது இன்னும் மோசம். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மி.மீ. அளவு இடைவெளிதான் கலவையைப் பிதுக்கிக் கலக்கி, தீயை வேகமாக ஓட்டுகிறது. அதை அகலமாக்கினால் நாக்கிங் கூடவே செய்யும்.

பிஸ்டன் ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கியது, ஆகட்டும். 2618 என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தில் சிலிக்கன் மிகக் குறைவு. அடி வாங்கினால் சட்டென்று விரிசல் விடாது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டர் சுவரோடு இடைவெளி கூடுதலாக விட வேண்டும், காலைக் குளிரில் பிஸ்டன் சுவரில் தட்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 12 சதவீதம் சிலிக்கன் உள்ள 4032 கலப்பு உலோகம் போதும்.

அப்புறம், என்ஜின் அமைப்பைச் சரிசெய்து தரும் உங்கள் டியூனர் ஜோகன்னஸ்பர்க்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 1,750 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 0.83 பார்தான். மீட்டரில் 0.6 பூஸ்ட் காட்டினால் மொத்தம் 1.43, டர்பனில் அதே 0.6-க்கு 1.6. ஆக்டேன் எண் கூடக் கூட பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும். ஆனாலும் அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலில் சத்தமில்லாமல் ஓடிய டியூன், இங்கே 95 ஊற்றினாலும் நாக்கிங் ஆகலாம். கடைசி டியூனை டர்பனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.